கறியில் மருந்து

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று மடையான் கொக்குக் கறி. பன்னீர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தான். இறகைப் பிடுங்கி, தலையையும் காலையும் வெட்டி எறிந்து, தீயில் வாட்டி மஞ்சள் தடவி வைத்திருந்தான். குடலை எடுத்துவிட்டுச் சட்டியில் போட வேண்டியதுதான். "கண்ணி வச்சுப் புடிச்சதுக்கா, உசுரோட அறுத்தது" என்றான். முன்பெல்லாம் கண்ணிக்காரர் உயிரோடு கொண்டுவந்து வாசலிலேயே அறுப்பார். தெரு பூராவும் இறகு பறக்கும். அவர் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். பன்னீர் இந்த வருடம்தான் வருகிறான். சுத்தமான பிள்ளை.

வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பறவைதான். என் மகன் மதியழகன் பல் முளைத்த காலத்திலிருந்து என் கையால் தின்று வளர்ந்தது. ஆவணியில் வந்து சேர்ந்தாளே வினோதா, என் மருமகள், அவள் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "தல எங்க அத்தை?" என்றாள்.

யார் தலை என்று கேட்டேன்.

"பறவை தல. காலும் இல்ல. கண்ணியில மாட்டுனதுன்னா கால்ல கயிறு இறுக்குன தடம் இருக்கும். அறுத்ததுன்னா கழுத்துல தெரியும். ரெண்டையும் வெட்டிப் போட்டுட்டுக் கொண்டாந்தா அது எப்புடிச் செத்துச்சுன்னு எதை வச்சுப் பாக்குறது?"

என்னிடமே கறி பார்க்கிறாள். நான் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் தட்டில் சோறு விழுமுன் ஒரு வாய் நான் தின்று பார்ப்பேன். அதன் பிறகுதான் பரிமாற விடுவேன். என் காலத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் வயிறு வலித்தது கிடையாது. இவள் மன்னார்குடியில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். என் மகன் வயலுக்கு மருந்து வாங்கப் போனான், இவளை வாங்கிக்கொண்டு வந்தான்.

அவள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தாள். மத்தியானம் பணம் வாங்க வந்த பன்னீரை ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னேன். சஷ்டி விரதம் என்றான். பறவை விற்கிறவனுக்கு இருக்கிற பக்திகூட இந்தக் காலத்தில் படித்த பெண்களுக்கு இல்லை.

இந்த டைரியும் அவள் கொண்டுவந்ததுதான். கடையில் மிஞ்சியதாம். பேப்பர் நல்ல பேப்பர். அதற்காக அவளைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

மதி இன்று டிராக்டர் எடுக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் வேர்த்துக் கொட்டுகிறது. தலையணை எச்சிலில் ஊறிக் கிடந்தது. "கண்ணு மங்கலா இருக்கும்மா" என்கிறான். கல்யாணத்துக்கு முன் அவனுக்கு இப்படி வந்ததே இல்லை.

எனக்கும் நேற்று சாயந்திரம் தலை சுற்றியது. நான் குழம்பு மட்டும்தான் ஊற்றிக்கொண்டேன், கறி அவனுக்கே பற்றவில்லை. எனக்கு வந்தது பித்தம்.

நவம்பர் 2, ஞாயிறு

சிறவி கிடைத்தது. நல்ல கொழுத்த வாத்து. மதிக்கு உடம்பு தேறியதால் தைரியமாக வாங்கினேன்.

குடலைக் கொல்லையில் கொட்டிவிட்டு உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால், மகாராணி அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு குச்சியால் அதைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். இரைப்பையைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்ததைப் பேப்பரில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நெல்லு மேல ஊதாவா ஒட்டியிருக்கு பாருங்க. ரத்தமும் வடியவே இல்ல, உள்ளேயே உறைஞ்சு கெடக்கு. உசுரோட அறுத்ததுல்ல அத்தை. செத்ததுக்கப்புறம் அறுத்தது."

நாவல்பழம் தின்றிருக்கும் என்றேன்.

"இது நாவப்பழக் காலமா?"

எதற்கும் ஒரு பதில் கையில் வைத்திருக்கிறாள். நான் கழுவி, மிளகு தட்டிப் போட்டு வறுத்தேன். மதி தட்டின் முன் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு சாப்பிட்டான். என்னதான் இருந்தாலும் பெற்றவள் கை.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். இப்போதெல்லாம் கொல்லையில் ஈத் தொல்லை குறைந்திருக்கிறது. குடல் கொட்டிய இடத்தைச் சுற்றி ஈக்கள் செத்துக் கிடந்தன. நான் பினாயில் ஊற்றிப் பெருக்குவதன் பலன்.

நவம்பர் 3, திங்கள்

மதிக்கு மறுபடியும் அதே வேர்வை, அதே எச்சில். இரண்டு முறை வாந்தி. என் தம்பி நடராசனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, எச்சி ஊத்துதுன்னா அது மருந்து வச்ச அறிகுறிங்குறாவ. புருசன் தன் சொல்லத் தட்டாம இருக்கணும்னு சோத்துல கலந்து குடுப்பாளுவல்ல, அது."

நானாகச் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான். ஆனால் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. பெண் பார்க்க மாட்டேன், ஜாதகம் பார்க்க மாட்டேன், இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றானே, அந்தப் பிடிவாதம் என் பிள்ளையுடையதா? அவனுக்கு ஏது அவ்வளவு தைரியம்?

நவம்பர் 4, செவ்வாய்

எதிர்வீட்டு ராஜமாணிக்கத்தின் பூனை நம் கொல்லையில் செத்துக் கிடந்தது. வினோதா கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு குழி தோண்டிப் புதைத்தாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. எதை எதில் கலந்து பரிசோதனை செய்தாளோ.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நடராசனும் அவன் மனைவியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மடையான் குழம்பு. மதி முதல் துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் வினோதா அடுப்படியிலிருந்து வந்து தட்டை இழுத்தாள். சோறு பாயில் சிதறியது.

"சாப்புடாதிய. இதுல மருந்து இருக்கு."

நடராசன் மனைவி பிசைந்த சோற்றை இலையிலேயே உதறினாள்.

"என்ன இருக்குன்னே?" என்று நடராசன் கேட்டான்.

"மருந்து மாமா. நான் கண்ணால பாத்தேன். போன வாரமும் இருந்துச்சு, அதுக்கு முந்தின வாரமும் இருந்துச்சு."

ஒப்புக்கொண்டாள். தன் வாயால், சாட்சி வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். நடராசன் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் அவளை விரல் நீட்டித் திட்ட ஆரம்பித்தான். அவள் திருதிருவென்று விழித்தாள். அப்புறம்தான் அவளுக்கு எட்டியது.

"ஐயோ, அந்த மருந்து இல்ல மாமா. வயல்ல பூச்சிக்குப் போடுற ஊதாக் குருணை மருந்து. அதை நெல்லுலயும் பொடி மீனுலயும் கலந்து வரப்புல தூவி வச்சிடுறானுவ. தின்னுட்டு விழுறதப் பொறுக்கியாந்து விக்கிறானுவ. நான் கடையில பாத்திருக்கேன், வயலே இல்லாதவன் அதை வாங்கிட்டுப் போவான்."

சொன்ன பிறகு மாற்றுவது யாருக்குத்தான் வராது. மருந்துக் கடையில் இருந்தவளுக்கு எந்த மருந்து கிடைக்காது? மதி தலையைக் குனிந்துகொண்டு, "அவ சொல்றதக் கேளும்மா" என்றான். பாருங்கள், பேசுவது அவனா?

இன்று முதல் அடுப்படி என்னுடையது. அவள் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

வயிற்றுக்கு நாட்டு வைத்தியம் என்று சொல்லி மதியை உப்பளம் பக்கம் சவுந்தரத்தம்மாளிடம் கூட்டிப் போனேன். மருந்து எடுப்பதில் பேர் போன அம்மாள். அவன் தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஒரு உருண்டையை வாழை இலையில் துப்பினார். உள்ளே ஒரு முடி. நீளமான முடி. எனக்கு நரைத்து உதிர்ந்து எலிவால் மாதிரி இருக்கிறது. என் முடி இல்லை என்பது நிச்சயம்.

மதி வெளியே வண்டியில் ஏறிய பிறகு அம்மாள் என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். "வேர் உள்ளேயே இருக்கு. தெனம் ஒரு சிட்டிகை சோத்துல கலந்து குடு. பிள்ள ஒன் பக்கம் திரும்புவான்."

இது அவள் வைத்தது போன்ற மருந்து அல்ல. மருந்துக்கு மாற்று. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. உளுந்து டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

நேற்றும் இன்றும் சாம்பாரில் ஒரு சிட்டிகை. பச்சிலை வாடை, லேசாகக் கசக்கும்போல. பெருங்காயம் கூடுதலாகப் போட்டேன்.

மதி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான். நாக்கு ஒட்டுகிறதாம். எச்சில் நின்றுவிட்டது, அதைத்தான் நான் பார்க்கிறேன். கண் இரண்டும் கறுகறுவென்று பெரிதாக இருக்கிறது. வாசலில் நின்று யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றான். மருந்து முறியும்போது அப்படித்தான் இருக்கும் என்று அம்மாள் போனில் சொன்னார்.

வினோதா அவன் கண்ணிமையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும்.

நவம்பர் 17, திங்கள்

பொடியில் அந்தக் கசப்பு வாடை போய்விட்டது. இப்போது சுக்கு மாதிரி மணக்கிறது. நாள் ஆக ஆகப் பக்குவப்படும்போல. நல்ல கைராசிக்கார அம்மாள்.

மதியின் கண் தெளிந்துவிட்டது. காலையில் நானாகக் கூப்பிடாமல், "அம்மா, காபி" என்று வந்து நின்றான். எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 19, புதன்

வினோதா அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். நடராசன் வந்து பேசினான். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் பேச்சு. எத்தனை நாள் என்று நாங்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மதி அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டான். வந்து முற்றத்தில் உட்கார்ந்து அழுதான். மருந்தின் வேர் இன்னும் இருக்கிறது.

போகும்போது அவள் என்னிடம் சொன்னது: "அத்தை, எது வேணாலும் குடுங்க. பறவைக் கறி மட்டும் வேண்டாம்." உத்தரவு போட்டுவிட்டுப் போகிறாள்.

நவம்பர் 24, திங்கள்

மழை. இரண்டு ஞாயிறாகப் பன்னீர் வரவில்லை. துணி காயவில்லை. வேப்பம்பருப்பு போட்டு வைத்தும் உளுந்தில் வண்டு. மதி நன்றாக இருக்கிறான். வேர்வை இல்லை, வாந்தி இல்லை. அவள் இல்லாத வீட்டில் என் சமையலும் ஒரு சிட்டிகைப் பொடியும் செய்த வேலை.

ஆனால் ராத்திரி போனில் அவளோடு குசுகுசுவென்று பேசுகிறான். ஆகவே பொடியை நிறுத்தவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

மழை விட்டதும் பன்னீர் வந்தான். சிறவி. முகம் கொடுக்காமல் பையை நீட்டினான். சாப்பிட்டுப் போ என்றேன். "மால போட்டிருக்கேன்க்கா" என்றான்.

மதி வேண்டாம் என்றான். "வேண்டாம்மா, மனசுக்கு என்னவோபோல இருக்கு." யாருடைய மனசு என்று எனக்குத் தெரியாதா? நான் சமைத்து முடித்து, தட்டை வைத்து, எதிரே உட்கார்ந்து, "என் கைய நம்பாம இருக்கிற அளவுக்கு வந்துட்டியா?" என்று கேட்டேன். என் கண் கலங்கியது உண்மை. அவன் சாப்பிட்டான். எனக்காக இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டான். உப்பு, மிளகு, சீரகம், பூண்டு. வேறு எதுவும் நான் போடவில்லை.

அரை மணி நேரத்தில் எழுந்திருக்க முயன்று விழுந்தான். சட்டை பூராவும் வேர்வை. வாயில் நுரை. தொடை தானாகத் துடிக்கிறது. ராஜமாணிக்கம் வேனை எடுத்தார். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சவுந்தரத்தம்மாளுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், அணைத்து வைத்துவிட்டார்.

மெயின் ரோட்டில் ராஜமாணிக்கம் வண்டியை நிறுத்தி, "எங்குட்டுப் போறது? உப்பளமா, பெரியாஸ்பத்திரியா?" என்று கேட்டார். மதியின் வாய் நுரையை முந்தானையால் துடைத்தேன். ஆஸ்பத்திரி என்றால் என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள்.

அப்போது மதியின் போன் அடித்தது. அவள்தான். ராஜமாணிக்கம் எடுத்து என் காதில் வைத்தார்.

"கண்ணு எப்புடி இருக்கு அத்தை? நடுவுல உள்ள கறுப்பு பெருசா இருக்கா, சின்னதா இருக்கா?"

இவளுக்கு எதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்? ஆனாலும் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கடுகு அளவுக்கு இருந்தது.

"சின்னதா இருக்கு."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. பெருசா இல்லையே?"

"கடுகாட்டம் இருக்குடி."

"அப்ப கறிதான். பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. குருணை மருந்துன்னு சொல்லுங்க, அந்த வார்த்தையச் சொல்லுங்க. நான் பஸ் ஏறிட்டேன். அந்தக் குடலையும் மிச்சக் கறியையும் யாரும் கொட்டிடாம எடுத்து வைக்கச் சொல்லுங்க."

ராஜமாணிக்கம் என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

உயிர் இருக்கிறது. மூக்கில் குழாய், கையில் குழாய்.

நேற்று டாக்டர், சின்னப் பையன்தான், "என்னம்மா மருந்து குடிச்சாரு? வீட்டுல எதுவும் சண்டையா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். என் பிள்ளை மருந்து குடிக்கிறவன் இல்லை என்றேன். "வேற எதாவது குடுத்தியளா? நாட்டு மருந்து, லேகியம், பொடி?"

இல்லை என்றேன். கறி என்றேன். குருணை மருந்து என்று அவள் சொல்லச் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவர் ஊசியை எடுக்கச் சொன்னார். ஒன்று போட்டு, கண்ணைப் பார்த்து, இன்னொன்று போட்டு, மறுபடியும் பார்த்தார். ராத்திரிக்குள் மதியின் கண் விரிந்துகொண்டே போய்க் கறுகறுவென்று ஆயிற்று. நாக்கு ஒட்டுகிறது, தண்ணீர் வேண்டும் என்று முனகினான். கூரையைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றான்.

அந்தக் கண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். விஷம் என்றால் வந்து எழுதிக்கொண்டு போவார்களாம். நடராசன் முந்திக்கொண்டு, "பொண்டாட்டிதான் சார், ஏற்கெனவே மருந்து வச்சதா எங்க முன்னால ஒப்புக்கிட்டவ" என்றான்.

வினோதா சுவரோரம் நின்றிருந்தாள். இரண்டு நாளாக அதே சேலை. போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீங்கதான் அம்மாவா? கறியில மருந்து யாரு போட்டது?"

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் தொலைந்திருப்பாள். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் என் இடுப்பில் அந்தப் பொட்டலம் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதைத்தான் முதலில் எடுத்துச் செருகியிருந்தேன். சேலை மடிப்புக்குள் அது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. கேட்டது எந்த மருந்து என்று எனக்கே தெரியவில்லை.

வினோதாதான் பேசினாள். "வீட்டுல யாரும் ஒண்ணும் போடல சார். வெளியில வாங்குன பறவைக் கறி. மருந்து வச்சுப் புடிச்சது. கொல்லையில கெடந்த இரைப்பைய எடுத்தாந்து டாக்டர்கிட்ட குடுத்திருக்கேன், அதுல குருணை கெடக்கு. வித்தவன் பேரு பன்னீர். அத்தை எப்பவும்போல சமைச்சாங்க, அவ்வளவுதான்."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நடராசன் செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

எனக்கு அவள் மேல் இவ்வளவு கோபம் இதுவரை வந்ததில்லை. என்னைக் காப்பாற்ற இவள் யார்?

டிசம்பர் 3, புதன்

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் இடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அதை எங்கேயாவது போட்டுருங்க அத்தை, குத்தும்" என்றாள்.

எதை என்றேன்.

"உளுந்து டப்பாவுல இருந்ததை. அவரு கண்ணு பெருசா ஆனப்பவே தேடுனேன். எடுத்துச் சாக்கடையில கொட்டிட்டு அதே பேப்பர்ல சுக்குப்பொடியப் போட்டு மடிச்சு வச்சேன்."

என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. "அப்பவே தூக்கிப் போட்டுட்டு எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"போட்டிருந்தா நீங்க இன்னொரு பொட்டலம் வாங்கியாந்திருப்பிய. அன்னைக்கிப் போன்ல கண்ணு பெருசா சின்னதான்னு அதுக்குத்தான் கேட்டேன். சின்னதுன்னா கறி. பெருசுன்னா நீங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் ஏறவில்லை. கடையில் பில் படிப்பதுபோலச் சொன்னாள்.

"அதுல என்னடி இருந்துச்சு?"

"ஊமத்தை வாடை அடிச்சுது. நிச்சயமாத் தெரியாது. நீங்கதான வாங்குனிய, ஒரு வாய் தின்னு பாத்திருக்கலாமுல்ல."

அதையும் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

மதி கஞ்சி குடித்தான். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சி. வினோதா தூக்குவாளியைத் திறந்து முகர்ந்தாள், ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள், சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகுதான் அவனுக்குக் கொடுத்தாள். அடுத்த கட்டில்காரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளையும் அது முடிகிற வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தான்.

அவனைப் பெற்றவள் நான். என் கஞ்சிக்குச் சோதனை.

டிசம்பர் 6, சனி

துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். தெருமுனையில் பன்னீரின் வண்டிச் சத்தம் கேட்டது. போலீஸ் அவனைத் தேடவில்லை போலிருக்கிறது, அல்லது அவனை யாரும் தேடிப் பிடிக்க முடியாது போலிருக்கிறது. வாசலுக்கு வந்து, "அண்ணனுக்கு முடியலன்னாவ, இப்ப எப்புடிக்கா இருக்கு?" என்று கேட்டான். பையில் மடையான் வைத்திருந்தான்.

உள்ளே வா என்றேன். உட்கார வைத்தேன். பையை வாங்கிக் கழுவி, அவன் கண் முன்னே வாணலியில் போட்டு, மிளகு தட்டிப் போட்டு வறுத்தேன். தட்டில் வைத்து நீட்டினேன்.

"தின்னு."

"மால போட்டிருக்கேன்க்கா."

"எங்க மால?"

கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். சட்டைக் காலருக்குள் ஒன்றும் இல்லை.

"ஒரு துண்டு போதும் பன்னீரு. கண்ணி வச்சது, உசுரோட அறுத்தது. உன் சரக்குதான?"

எழுந்தான். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கையில் கரண்டி சூடாக இருந்தது. "விடுக்கா, வீட்டுல சின்னப் புள்ளைய இருக்கு" என்றான். யார் வீட்டில் இல்லை? என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். வண்டியை உதைக்கிற அவசரத்தில் செருப்பு ஒன்று வாசலிலேயே கிடந்தது. வண்டி நம்பரை எழுதி ராஜமாணிக்கத்திடம் கொடுத்து ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன்.

கறியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கையில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டேன். வாணலியையும் சேர்த்துப் புதைத்தேன். பூனையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில்.

முதல் நாள் அவள் தலை எங்கே என்று கேட்டாள். நான் யார் தலை என்று கேட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

மதி வீட்டுக்கு வந்துவிட்டான். கண் சரியாக இருக்கிறது, இரண்டு பேருமே பார்த்தோம். மதியத்துக்குப் பருப்பும் கத்தரிக்காயும். நடராசன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவளை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காது. அவள் நடை பிடிக்கவில்லை, எதற்கும் பதில் வைத்திருப்பது பிடிக்கவில்லை, என் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது பிடிக்கவில்லை.

சாயந்திரம் அவள் அடுப்படிக்குள் போனாள். நான் தடுக்கவில்லை. காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள். டம்ளரை எடுத்தேன். சுக்கு மணம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆறுகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு குடித்தேன்.